மொட்டை மாடி யோகா வகுப்பும் மூன்று மாதத் தயக்கமும்

கேள்வி: எனக்கு வயது 41. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். ஆறு வருடமாக மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் வேலை. மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் இல்லை, தெருவெல்லாம் தண்ணீர். உரிமையோடு கதவைத் தட்ட இந்தத் தெருவில் எனக்கு ஒரு வீடுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த உறுத்தல் போகவே இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அடுத்த தெருவில் ஒரு மொட்டை மாடியில் நடக்கும் யோகா வகுப்பில் சேர்ந்தேன். திங்கள், புதன், வெள்ளி காலை 6 முதல் 7 வரை. என்னையும் சேர்த்து ஒன்பது பேர். மற்றவர்கள் பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள், பல வருடமாக ஒன்றாக வருகிறவர்கள். வகுப்பு முடிந்ததும் அவர்கள் கீழ் வீட்டு மாமி வீட்டில் காபி குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். முதல் வாரமே ஒருவர், "எந்த ஊரு? நீங்க வெஜ்ஜா?" என்று கேட்டார். அது மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. மகனுக்குக் காது வலி வந்தபோது, நல்ல டாக்டர் யார் என்று வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. மாஸ்டரோ, "இங்க அரட்டை வேண்டாம், உள்ளே கவனிங்க" என்கிறார். "யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்யலாமே, மாசம் 800 ரூபாய் எதுக்கு?" என்பது என் கணவர் கேள்வி. மனிதப் பழக்கத்துக்காக யோகாவுக்குப் போவது தப்பா? இதை விட்டுவிட்டுப் பெரிய ஸ்டுடியோ எதிலாவது சேரலாமா?

வாசகி, மடிப்பாக்கம்

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

அந்த வகுப்பை விட்டுவிடாதீர்கள். இன்னும் ஒரு வருடமாவது அங்கேயே இருங்கள். மனிதப் பழக்கத்துக்காக யோகாவுக்குப் போவதில் எந்தத் தப்பும் இல்லை. உங்கள் கேள்விகளுக்கு நேரடியான பதில் இவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கணக்கு உங்கள் தொழில், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார். வெறும் முகப்பழக்கம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. 'இவர் என் நண்பர்' என்று சொல்லும் நிலைக்கு வரச் சுமார் 90 மணி நேரம் ஆகிறது. நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். இனி உங்கள் வகுப்பைப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான், அதிலும் பெரும்பகுதி பேசாமல் மூச்சைக் கவனிப்பதில் போகிறது. பாய் விரிக்கும்போது ஐந்து நிமிடம், சுருட்டும்போது ஐந்து நிமிடம், பேச்சுக்கு இடம் அவ்வளவுதான். வாரத்துக்கு அரை மணி நேரம். மூன்று மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரம் சொச்சம். நீங்கள் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவதால் அதிலும் பாதியைக் கழிக்க வேண்டும். ஐம்பது எங்கே, மூன்று எங்கே! யாரும் உங்களை ஒதுக்கவில்லை என்று இங்கிருந்து என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒதுக்கிவிட்டார்கள் என்று முடிவு கட்ட இந்த மூன்று மணி நேரம் போதாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

பேசாமல் போகும் மணி நேரங்களும் வீணாவதில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மோர்லண்ட், ஸ்காட் பீச் என்ற இருவர் ஒரு சோதனை செய்து 1992-ல் வெளியிட்டார்கள். தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஒருவரை ஒரு வகுப்புக்கு அனுப்பவே இல்லை. மற்ற மூவரை 5, 10, 15 முறை என்று அனுப்பினார்கள். அவர்கள் யாரோடும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். பருவம் முடிந்ததும் மாணவர்களிடம் நால்வரின் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்துபோன பெண்ணையே அதிகம் பிடித்திருந்தது. இவரை எங்கே பார்த்தோம் என்று பெரும்பாலோருக்கு நினைவுகூட இல்லை. நீங்கள் வெறுமனே வந்து பாய் போட்டு உட்காரும் ஒவ்வொரு காலையும் அந்த எட்டுப் பேரின் மனதில் உங்களுக்கு ஓர் இடத்தைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் விட வேண்டாம் என்கிறேன். புது ஸ்டுடியோவுக்குப் போனால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

சரி, காபிக்கு வருவோம். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமாகப் பட்ட வரி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று நீங்கள் எழுதியதுதான். நீங்கள் கிளம்புவதற்குக் காரணம் இருக்கிறது. மகனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், யாரும் கூப்பிடாமல் எப்படி உட்காருவது என்ற கூச்சம் வேறு. அதே காட்சியை அந்த மாமியின் இடத்திலிருந்து பாருங்கள். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் பெண், வேலைக்கும் போகிறவள், வகுப்பு முடிந்ததும் ஓடுகிறாள். அவளை நிறுத்திக் காபி குடிக்கச் சொன்னால் பாவம், அவளுக்குத் தொந்தரவு. செருப்பு மாட்டியவரைத் திரும்பக் கூப்பிடுவது நம் பக்கத்தில் அவ்வளவு சகஜமும் இல்லை. கூப்பிடவில்லையே என்று நீங்கள் ஏங்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், நிற்கவே மாட்டேன் என்கிறாளே என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இந்த இடத்தில் இன்னொரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. எரிக்கா பூத்பி என்ற உளவியலாளரும் அவருடன் மூன்று பேரும் 2018-ல் வெளியிட்டது. முன்பின் தெரியாத இருவரைப் பேசவைத்துவிட்டு, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். 'நான் அவருக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை போல' என்றே இரு தரப்பும் நினைத்துக்கொண்டு எழுந்துபோகிறது. என் அறைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது பலருடைய முகம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். கணவருக்கு மதிய ஷிஃப்டோ இரவு ஷிஃப்டோ இருக்கும் வாரங்களில், வெள்ளிக்கிழமை மட்டும் மகனைக் கிளப்பும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அன்று வகுப்பு முடிந்ததும் மாமியிடம் போய், "இன்னிக்கு எனக்கு அவசரம் இல்ல மாமி, நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள். வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூப்பிட்டால் போகலாம் என்று காத்திருந்தால் இன்னும் ஆறு மாதம் போய்விடும். போன முதல் நாளில் நிறையப் பேச வேண்டியதில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாருங்கள், போதும்.

காலையில் 6 மணிக்குச் சரியாகப் போகாமல் பத்து நிமிடம் முன்பே போய்ப் பாருங்கள். மொட்டை மாடி வகுப்புகளில் ஒரு வேலை எப்போதும் காத்திருக்கும். பனி ஈரத்தைத் துடைக்க வேண்டும், ஜமக்காளத்தை உதற வேண்டும், காய்ந்த துணியை யாராவது எடுத்து வைக்க வேண்டும். இந்த வேலையை அநேகமாக ஒருவரே தினமும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பார். அவரோடு சேர்ந்து ஜமக்காளத்தின் மறுமுனையைப் பிடியுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று தொடங்குவது கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குப் பெரும் சிரமம். கை ஒரு வேலையில் இருக்கும்போது வாய்க்குப் பேச்சு வந்துவிடும். என்ன பேசுவது என்று தேடவும் வேண்டாம். வெயில், தண்ணீர் லாரி, மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்பு என்று மடிப்பாக்கத்தில் பேச்சுக்குப் பஞ்சமா?

வாட்ஸ்அப் விஷயத்தை நீங்கள் மனதுக்கு எடுத்துக்கொண்டது எனக்குப் புரிகிறது. பிள்ளைக்கு வலி என்று கேட்டும் எட்டுப் பேரும் மௌனமாக இருந்தால் யாருக்குமே சுருக்கென்று இருக்கும். ஆனால் அந்த மாதிரி குரூப்புகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் உங்கள் கேள்வி மேலே ஏறிப் போயிருக்கும். பார்த்தவரும் 'வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்' என்று விட்டிருப்பார். பொதுவில் எல்லோரையும் பார்த்துக் கேட்ட கேள்வி யாருடைய பொறுப்பும் ஆவதில்லை. தனிமை உணர்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காசியோப்போ ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தனிமை நீடிக்கும்போது மனம் எச்சரிக்கை நிலைக்குப் போய்விடுகிறது. அர்த்தமே இல்லாத ஒரு மௌனத்தையும் நிராகரிப்பு என்று படிக்கத் தொடங்குகிறது. இது உங்கள் மனத்தின் பலவீனம் அல்ல, தனிமை எல்லோருக்கும் செய்கிற வேலை. இப்படி நடக்கும் என்று தெரிந்து வைத்திருந்தால், அடுத்த முறை பதில் வராதபோது ஒரு நொடி நின்று யோசிக்க முடியும்.

அதனால் இனி உதவி வேண்டும் என்றால் ஒருவரைப் பார்த்து, நேரில் கேளுங்கள். "அக்கா, காது வலின்னா நீங்க யார்கிட்ட காட்டுவீங்க?" என்று. அவர் சொல்லும் டாக்டரிடம் போனால், அதைவிட முக்கியமான இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த வகுப்பில் அவரிடம் போய், "நீங்க சொன்ன டாக்டர்கிட்டயே போனோம்க்கா, இப்ப தேவலை" என்று சொல்ல வேண்டும். நிறையப் பேர் கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். திரும்பி வந்து சொல்லும் அந்த ஒரு வரியில்தான், தன் வார்த்தை இன்னொரு வீட்டில் பயன்பட்டது என்று அவருக்குத் தெரிகிறது. அதற்கு அடுத்த வாரம் அவராகவே, "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்பார். உங்கள் வீட்டுச் செய்தி ஒன்றை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்பதே பெரிய விஷயம். நீங்கள் தேடுவது அதைத்தானே?

அந்த வெஜ் கேள்வி. இதை லேசாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. எந்த ஊர், என்ன சாப்பிடுவீர்கள் என்ற கேள்விகளுக்குப் பின்னால் என்ன விசாரணை ஒளிந்திருக்கிறது என்று சென்னையில் வாடகை வீடு தேடிய யாருக்கும் தெரியும். நீங்கள் சுருங்கிப்போனது அதீத உணர்ச்சி அல்ல. அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. "நாங்க திருநெல்வேலி பக்கம்" என்று சிரித்தபடி அதோடு நிறுத்திக்கொள்ளலாம். "எல்லாம் சாப்பிடுவோம்" என்று நிமிர்ந்தும் சொல்லலாம். இரண்டுமே சரி. ஆனால் கேட்டவர் ஒருவர்தான். மற்ற ஏழு பேர் அப்போது எப்படி இருந்தார்கள், அதற்குப் பிறகு உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த பாயை உங்கள் பக்கத்தில் போடுகிறார்களா, உங்கள் பாட்டிலிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்களா என்பதெல்லாம் வாய்ப்பேச்சைவிட அதிகம் சொல்லும். பழைய ஆட்களின் வழக்கமான ஊர் விசாரிப்பு என்று தெரிந்தால் விட்டுவிடலாம். உங்களை ஒரு படி கீழே வைத்துத்தான் பழகுகிறார்கள் என்று தெரிந்தால், அங்கே ஒரு வருடம் இருங்கள் என்று நான் சொன்னதை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மரியாதை இல்லாத இடத்தில் மணி நேரம் சேர்த்து எந்தப் பயனும் இல்லை.

அடுத்து, மாஸ்டர் சொன்னது. அதைக் கேட்டு உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்கிறது. ஆசனம் செய்யும்போது பேசாதீர்கள் என்பதுதான் அவர் சொன்னது, அது சரியான அறிவுரை. ஒற்றைக் காலில் நிற்கும்போது பேச்சுக் கொடுத்தால் கணுக்கால் பிசகும். மனிதர்களோடு பழகுவதே யோகத்துக்கு எதிரி என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அது பொருந்தாது. மனம் தெளிய என்ன வழி என்று பேசும் பதஞ்சலி, தம் யோக சூத்திர நூலின் முதல் பாதத்தில், அதாவது முதல் அத்தியாயத்தில், 33-வது சூத்திரத்தில் மற்ற மனிதர்களைத்தான் கொண்டுவருகிறார். மகிழ்ச்சியாக இருப்பவர்களிடம் நட்பு, துன்பப்படுகிறவர்களிடம் கருணை, நல்லது செய்பவர்களைக் கண்டு மகிழ்ச்சி, தீயது செய்பவர்களிடம் விலகி நிற்கும் அமைதி. இந்த நான்கையும் பழகினால் சித்தம் தெளியும் என்கிறார். முதலில் வருவது நட்பு. பூட்டிய அறையில் தனியாக இருந்துகொண்டு இந்த நான்கில் எதைப் பழக முடியும்?

சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு மரபே இருக்கிறது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதிக்கு வேர் என்று சொல்லத்தக்க டி. கிருஷ்ணமாச்சார்யா, தம் வாழ்நாளின் கடைசி முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளை இந்த நகரத்தில்தான் கழித்தார். நூறு வயதைக் கடந்து 1989-ல் மறைந்தார். உலகப் புகழ்பெற்ற யோகா ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் பயின்றவர்கள். சென்னைக் காலத்தில் அவர் ஒரு நேரத்தில் ஒருவருக்கு என்று, வந்தவரின் வயது, உடல், தொழில் எல்லாம் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த வழியைப் பின்பற்றி அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் என்ற யோகா மையத்தைத் தொடங்கினார். மந்தைவெளியில் இன்றும் இயங்குகிறது. ஆளுக்கு ஏற்ற பயிற்சி என்பதுதான் அவர்கள் அழுத்திச் சொன்ன விஷயம்.

ஒன்பது பேர் உள்ள உங்கள் மாடியில் அது ஓரளவாவது நடக்கும், நூறு பேர் ஹாலில் நடக்காது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்குக் கழுத்தும் தோளும் இறுகியிருக்கும். வகுப்புக்கு முன்னால் மாஸ்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். பிரஷர், தைராய்டு, முதுகுவலி எது இருந்தாலும் சொல்ல வேண்டும். தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் எல்லோருக்கும் ஏற்றவை அல்ல, முக்கியமாக ரத்த அழுத்தமோ கிளௌகோமா என்ற கண் அழுத்த நோயோ இருந்தால். அடுத்த வகுப்பில் அவர் உங்கள் பாய் அருகே வந்து, "தோளை இன்னும் கொஞ்சம் இறக்கும்மா" என்பார். அரட்டை வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர்தான். ஆசிரியர் ஒருவர் நம்மை நம் உடம்போடு சேர்த்து அறிந்திருப்பதும் ஓர் உறவு. நீங்கள் இரண்டு நாள் வராவிட்டால் முதலில் விசாரிக்கப் போகிறவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

கேட்பதைப் போலவே கொடுக்கவும் உங்களிடம் நிறைய இருக்கிறது. அந்த வகுப்பில் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும் என்று அவர்கள் பதறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜீவன் பிரமாண் என்ற மத்திய அரசுச் சேவை மூலம் இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே அதைச் செய்ய முடிகிறது, ஆனால் உட்கார்ந்து செய்து காட்ட ஒருவர் வேண்டும். ஜூலையில் வருமான வரிக் கணக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில். உங்களுக்குப் பத்து நிமிட வேலை, அவர்களுக்கு ஒரு வாரக் கவலை. ஒருவருக்குச் செய்து கொடுங்கள். ஆனால் எட்டுக் குடும்பத்துக்கும் இலவச ஆடிட்டர் ஆகிவிட வேண்டாம். ஓடிபி, பாஸ்வேர்டு எதையும் உங்கள் கையில் வாங்காதீர்கள், அவர்கள் போனில் அவர்களே அழுத்தட்டும். உதவி இரு பக்கமும் போய்வந்தால்தான் உறவு நிற்கும். ஒரு பக்கமாகவே போனால் சீக்கிரம் அலுப்புத் தட்டிவிடும்.

நவராத்திரி வந்தால் யாராவது ஒருவர் கொலுவுக்குக் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதுதானே என்று நின்றுவிடாமல் போய் வாருங்கள். ஊருக்குப் போய்விட்டு வரும்போது அரைக் கிலோ அல்வாவை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். இதற்கெல்லாம் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை, திருநெல்வேலியில் நீங்கள் பார்த்து வளர்ந்ததுதான்.

பெரிய ஸ்டுடியோவைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. பயிற்சி நேர்த்தியாக இருக்கும், ஏசி இருக்கும், செயலியில் இடம் பதிவு செய்யலாம். திங்கட்கிழமை பார்த்த முகம் புதன்கிழமை இருக்காது. உங்கள் தேவைக்கு வேண்டியது ஒரே நேரம், ஒரே இடம், ஒரே முகங்கள், நடந்து போகும் தூரம். அடுத்த தெருவில் இருப்பவரைத்தான் காய்கறிக் கடையிலும் மறுபடி பார்க்க முடியும். இந்த டிராஃபிக்கில் ஆழ்வார்பேட்டை வரை போய் நட்பு தேடுவது எத்தனை மாதம் தாங்கும்?

கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆசனத்தை மட்டும் கணக்கில் எடுத்தால். யூடியூபில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் எதற்காக அங்கே போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியுமா? புயல் நேரத்தில் மனதில் பட்டதை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த ஒரு மாலையில், "எனக்கு இங்க யாரும் இல்லாத மாதிரி இருக்குங்க, அதுக்காகத்தான் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். 800 ரூபாய் எதற்கு என்ற கேள்வி அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை மகனைப் பார்த்துக்கொள்ளவும் அவர் சம்மதம் வேண்டியிருக்கிறதே.

இந்த வகுப்பு எதைத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் காலத்தில் இரவெல்லாம் விழித்துப் பேசிய மாதிரி ஒரு தோழி இங்கே கிடைக்காமலும் போகலாம். வயது வித்தியாசம் இருக்கிறது, அவர்கள் கவலை வேறு, உங்கள் கவலை வேறு. அந்தத் தோழிகள் ஊரிலோ வேறு எங்கோ இருந்தால், வாரம் ஒருமுறை அவர்களுக்குப் போன் போடுவதை இதற்காக நிறுத்திவிடாதீர்கள். மாடி வகுப்பு தரக்கூடியது வேறு. தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர், சாவி கொடுத்துவிட்டுப் போக ஒரு வீடு. 2023-ல் இங்கே மிக்ஜாம் போய் இரண்டு வாரத்தில் உங்கள் ஊர்ப் பக்கம் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இங்கே தண்ணீர் நின்றபோது ஊரில் இருக்கும் உறவுகளாலும், அங்கே தண்ணீர் நின்றபோது உங்களாலும் போனில் தவிப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடிந்திருக்காது. குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கப் பக்கத்துத் தெருவில்தான் ஆள் வேண்டும்.

எப்போது விலக வேண்டும் என்றும் தெரிந்திருக்கட்டும். எல்லோர் முன்னாலும் உடம்பைப் பற்றிக் கேலி செய்தால், கேட்காமல் தொட்டுத் திருத்தினால், காபி நேரம் முழுக்க வராதவர்களைப் பற்றிய புறணியாகவே இருந்தால், சத்து மாவு, எடை குறைக்கும் பவுடர் என்று உங்களைச் சங்கிலி வியாபாரத்தில் இழுத்தால், தயங்காமல் வந்துவிடுங்கள். மடிப்பாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வேறு சின்ன வகுப்புகள் இருக்கும். மாநகராட்சிப் பூங்காக்களில் காலையில் கூடிப் பயிற்சி செய்யும் குழுக்களைப் போய்ப் பார்க்கலாம். வேதாத்திரி மகரிஷி வழியில் நடக்கும் மனவளக்கலை மன்றங்கள் நகரின் பல பகுதிகளில் உண்டு. அங்கே சந்தித்தால் "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்தித்தான் பேச்சே தொடங்கும், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது நல்ல வசதி. எங்கே போனாலும் பேரைப் பார்த்துச் சேராமல், இரண்டு நாள் உட்கார்ந்து மனிதர்களைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்க வேண்டும். தூக்கம் எப்படி இருக்கிறது? பிடித்த விஷயங்களில்கூட மனம் ஒட்டாமல், காலையில் எழுந்திருக்கவே முடியாமல், அழுகை வந்துகொண்டே இருப்பதாக இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதா? அப்படி இருந்தால் அது தனிமையைத் தாண்டிய விஷயம். யோகா வகுப்பு அதற்குத் துணை செய்யும், சிகிச்சை ஆகாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி மையத்தைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.